காளிகேசத்துக்கு மூன்று முறை

நான் மஞ்சள்காமாலையில் மூன்று வாரம் படுத்துக் கிடந்தபோது, காளிகேசம் காளியம்மனுக்குச் சிவப்புப் பட்டும் செவ்வரளி மாலையும் சாத்துவதாக என் அம்மா நேர்ந்துகொண்டார். குமரி மாவட்டத்தில் இதனை நேர்ச்சை என்போம். நேர்ச்சைக்கு யாரும் கெடு விதிப்பதில்லை என்றாலும், நேர்ந்தவரின் நெஞ்சில் அது கடன் போலக் கிடந்து உறுத்தும். நாகர்கோவிலிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஒரு கோயிலில் அந்தக் கடனைத் தீர்க்க எங்களுக்கு மூன்று பயணங்களும் ஒன்றரை ஆண்டும் ஆயின. முதல் முறை பாதி வழியில் திரும்பினோம். இரண்டாம் முறை உயிர் பிழைத்துத் திரும்பினோம். மூன்றாம் முறைதான் அம்மனைக் கும்பிட்டுத் திரும்பினோம். வயதானவர்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அங்கே போக நினைப்பவர்களுக்கு எங்கள் தவறுகள் உதவக்கூடும் என்பதால் அவற்றை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நாகர்கோவில் வடசேரியிலிருந்து பூதப்பாண்டி வழியாகத் தடிக்காரன்கோணம் வரும் வரை இருபுறமும் வயலும் வாழைத்தோப்பும் தென்னையும்தான். அதன் பிறகு சாலை ஏறத் தொடங்குகிறது. ரப்பர் தோட்டங்கள் வந்துவிடுகின்றன. கீரிப்பாறையைத் தாண்டினால் காடு. அந்தக் காட்டுக்குள், ஆற்றின் ஓரத்தில், சிறிய கோயிலில் காளி இருக்கிறாள். ஊர்க்கோயில் போல நான்கு வீதியும் தேரும் அங்கே இல்லை. பாறையும் தண்ணீரும் மரமும்தான் சுற்றுப்பிரகாரம். கீரிப்பாறை வரை வடசேரியிலிருந்து பேருந்து உண்டு. அதற்கு மேல் சொந்த வண்டியோ வாடகை வண்டியோ வேண்டும். அதுவும் வனத்துறையின் சோதனைச் சாவடியில் அனுமதி பெற்ற பிறகே போக முடியும்.

முதல் பயணத்துக்கு ஆடிச் செவ்வாயைத் தேர்ந்தெடுத்தோம். அம்மனுக்கு உகந்த மாதம், உகந்த கிழமை என்று நாள் பார்த்த நாங்கள், வானத்தைப் பார்க்கவில்லை. ஆடி அம்மன் மாதம் என்பது உண்மை. தென்மேற்குப் பருவமழை மலையைக் கட்டிக்கொண்டு அழும் மாதமும் அதுவே. நாகர்கோவிலில் வெயில் அடித்தது. அம்மா முதல் நாளே சொல்லி வைத்து வாங்கிய தோவாளைச் செவ்வரளி மாலை ஈரத்துணியில் சுற்றப்பட்டு மடியில் இருந்தது. தடிக்காரன்கோணம் தாண்டியதும் ரப்பர் மரங்களின் இடுப்பில் பாவாடை கட்டியது போல பிளாஸ்டிக் தாள்கள் சுற்றியிருந்ததைக் கண்டோம். மழை நீர் பால் வெட்டிய தடத்தில் இறங்கிச் சிரட்டையை நிரப்பிவிடாமல் இருக்கத்தான் அவ்வாறு கட்டுகிறார்கள். மழை வரும், நிற்காது என்று தோட்டத்துக்காரர்கள் பணம் செலவழித்து எழுதி ஒட்டிய அறிவிப்பு அது. அன்று எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

சோதனைச் சாவடியில் மறித்தார்கள். முந்தைய இரவு மேலே பெய்த மழையில் ஆறு ஏறியிருக்கிறது, இன்னும் இறங்கவில்லை, யாரையும் விடுவதற்கில்லை என்றார் பணியில் இருந்த காவலர். நாங்கள் குளிக்க வரவில்லை, சாமி கும்பிடத்தான் வந்திருக்கிறோம் என்று நான் வாதாடினேன். அவர் கோபப்படாமல், “சாமி கும்பிடப் போறவங்க யாரு, குளிக்கப் போறவங்க யாருன்னு தண்ணி பிரிச்சுப் பாக்காது சார்” என்றார். அப்போது அது எனக்கு அதிகாரப் பேச்சாகத்தான் கேட்டது. அரை மணி நேரம் சாலையோரப் புல்லில் நின்றுவிட்டுத் திரும்பினோம். குமாரகோயிலில் முருகனுக்காவது மாலையைச் சாத்திவிடலாம் என்று நான் சொன்னதற்கு அம்மா இசையவில்லை. ஒரு சாமிக்கு நேர்ந்த பூவை இன்னொரு சாமிக்குப் போடக்கூடாது என்று சொல்லி, வழியில் ஓடிய கால்வாயில் அதை விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அம்மாவின் சேலைக் கொசுவத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இரத்தம். கணுக்காலில் அட்டை கடித்திருந்தது. கடித்ததும் தெரியவில்லை, குடித்து விழுந்ததும் தெரியவில்லை. அட்டையின் உமிழ்நீரில் இரத்தத்தை உறையவிடாமல் செய்யும் பொருள் இருப்பதால், அது போன பிறகும் வெகுநேரம் கசியும். பயப்பட ஒன்றுமில்லை, கழுவிவிட்டுத் துணியால் அழுத்திக் கட்டினால் நின்றுவிடும். ஆனால் சர்க்கரை நோய்க்காரர்களும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் இதில் அலட்சியமாக இருக்கக்கூடாது. ஒட்டிக்கொண்டிருக்கும் அட்டையைப் பிடித்து இழுப்பதைவிட, அது தோலைக் கவ்வியிருக்கும் மெல்லிய நுனிக்கு அடியில் நகத்தை வைத்துத் தள்ளிவிடுவது நல்லது. மழைக்காலத்தில் புல்லில் நிற்காமல் தார்ச்சாலையின் நடுவில் நிற்பது அதைவிட நல்லது.

அந்தப் பயணத்திலிருந்து நாங்கள் கற்றிருக்க வேண்டியது ஒன்றுதான். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரையும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையும் மலை எந்த நேரமும் நனைந்திருக்கலாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்த மாவட்டத்தின் ரப்பர் மரங்களை ஆயிரக்கணக்கில் முறித்துப் போட்டதை நினைத்தால், கார்த்திகையில் காட்டுப்பாதையில் வண்டி ஓட்டும் துணிவு யாருக்கும் வரக்கூடாது. நாகர்கோவில் வானம் மலையைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்லாது. புறப்படுவதற்கு முந்தைய மாலை, கீரிப்பாறைப் பக்கம் இருக்கும் ஒருவரிடம் தொலைபேசியில் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும்: சாவடியில் விடுகிறார்களா, ஆறு எப்படி இருக்கிறது. தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் வனத்துறை அலுவலகத்தில் கேட்கலாம். கோயிலில் பூசை உண்டா என்பதையும் அப்போதே விசாரித்துவிடுவது நல்லது. காட்டுக்கோயிலில் ஊர்க்கோயில் போல நாள் முழுவதும் நடை திறந்திருக்கும் என்று எதிர்பார்த்துப் போகக்கூடாது.

இரண்டாம் பயணம் அடுத்த சித்திரையில். கோடை என்பதால் இனி மழைப் பயமில்லை என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அம்மா, மனைவி, பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த தங்கை மகன் என நால்வர். காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு; கிளம்பியபோது பத்தரை. தோசை, குளியல், பையனின் கிரிக்கெட் பந்து, அண்டை வீட்டாரிடம் சாவி என்று வழக்கமான தாமதங்கள்தான். ஊர்க்கோயிலுக்கு இந்தத் தாமதத்தால் நட்டமில்லை, அதிகமானால் உச்சபூசை தவறும். மலையில் காலைப் பொழுதும் பிற்பகலும் இரண்டு வெவ்வேறு இடங்கள் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

சித்திரை, வைகாசியில் மேற்கு மலையின் ஒழுங்கு இது: காலையில் வானம் கழுவி விட்டது போல இருக்கும், பதினொரு மணிக்கு மேல் வெப்பத்தில் மேகம் திரளும், ஒரு மணிக்கு மேல் உச்சியில் இடி கேட்கும், மழை அங்கேயே கொட்டித் தீரும். கீழே நிற்பவர் தலைமேல் ஒரு சொட்டும் விழாமல் போகலாம். பாறை மலையில் மண் கனம் குறைவு, சரிவு அதிகம். பெய்த தண்ணீர் ஊறி நிற்க இடமின்றி அப்படியே ஓடைகளில் இறங்கி, எல்லா ஓடைகளும் ஒரே ஆற்றில் ஒரே நேரத்தில் வந்து சேரும். காட்டாற்று வெள்ளம் என்று செய்தித்தாளில் வருவது இதுதான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. ஆற்றில் கணுக்கால் அளவுக்கே தண்ணீர். அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. குளித்துவிட்டுக் கும்பிடுவது முறை என்பதால், மனைவியும் நானும் பையனும் ஆற்றைக் கடந்து அக்கரையில் நிழல் விழுந்த ஒரு பெரிய பாறைக்குப் போனோம். பட்டும் மாலையும் இருந்த பையை நனையக்கூடாதென்று அந்தப் பாறையின் உச்சியில் வைத்தேன். முழங்கால் வலியால் அம்மா இக்கரையிலேயே உட்கார்ந்துகொண்டார். அந்த முழங்கால் வலிக்கு நான் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

முதலில் வந்தவை சருகுகள். பத்து, இருபது என்று மிதந்து வந்து பையனின் காலில் ஒட்டின. அவன் அவற்றைப் பிடித்து விளையாடினான். பிறகு ஒரு சிறு குச்சி, கொஞ்சம் நுரை. தண்ணீரின் ஓசை மாறியிருந்தது என்பதை இப்போது நினைத்துச் சொல்கிறேன். அந்த நேரத்தில் காதில் விழுந்தும் மனத்தில் பதியவில்லை. இக்கரையிலிருந்து ஒருவர் கத்தினார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர், விறகுக் கட்டோடு அந்த வழியே வந்தவர் என்று பின்னால் தெரிந்துகொண்டோம். அவர் கத்தியது என்னவென்று கேட்கவில்லை, கையை வீசியது தெரிந்தது. குனிந்து பார்த்தேன். கூழாங்கற்களைக் காணவில்லை. தண்ணீர் கட்டன் சாயா, அதாவது பால் விடாத தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது.

பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். போகும்போது கணுக்கால் நனைந்த இடத்தில் திரும்பும்போது முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. முழங்கால் அளவு என்று கேட்கும்போது சிறியதாகத் தோன்றும். வேகமாக ஓடும் தண்ணீரில் அது ஒரு வளர்ந்த ஆளைப் புரட்டிப் போடப் போதுமானது. நடுவில் என் செருப்பு இரண்டும் போயின. அந்தப் பெரியவர் இடுப்புத் துண்டை அவிழ்த்து ஒரு முனையை வீசியிராவிட்டால் கடைசி நான்கு அடியை நாங்கள் கடந்திருப்போமா என்பது எனக்குத் தெரியாது. கரையேறித் திரும்பிப் பார்த்தபோது பை இன்னும் பாறைமேல் இருந்தது. சிறிது நேரத்தில் பாறையே இல்லை. எங்கள் தலைக்கு மேல் அப்போதும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது என்பதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். நேரில் காணாதவர்கள் அதை நம்ப மறுக்கிறார்கள்.

பெரியவர் எங்களைத் திட்டவில்லை. அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “மக்களே, ஆத்துத் தண்ணி நிறம் மாறிச்சுன்னா சாமிகிட்டகூடச் சொல்லிக்காம கரையேறிரணும், கேட்டியா.” சருகு வருவது, தண்ணீர் கலங்குவது, ஓசை கனப்பது, ஓடையின் காற்று திடீரென்று குளிர்வது ஆகிய நான்கில் ஒன்று தெரிந்தாலும் அடுத்ததற்குக் காத்திருக்கக்கூடாது என்றும், அக்கரையில் மாட்டிக்கொண்டால் கடக்க முயலாமல் மேட்டில் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும், பொதுவாகச் சில மணி நேரத்தில் இறங்கிவிடும் என்றும் அவர் விளக்கினார். அந்த இரண்டாவது அறிவுரையை வைத்துப் பார்த்தால் நான் செய்தது தவறு. பையனோடு மேட்டில் ஏறியிருக்க வேண்டும். அன்று தப்பித்ததை வைத்துச் செய்தது சரி என்று நினைக்கக்கூடாது.

அன்று நடை சாத்தியிருந்தது. அம்மா வெளியே நின்று வெறுங்கையோடு கும்பிட்டார். பட்டை ஆறு கொண்டு போனதே நேர்ச்சை தீர்ந்ததற்கு அடையாளம்தான் என்று உறவினர் பலர் சமாதானம் சொன்னார்கள். சிலர் வேறு மலைகளைக் காட்டினார்கள். நம் மாவட்டத்தில் மலையேறிக் கும்பிட விரும்பும் முதியவர்களுக்கு இடமா இல்லை? வள்ளியை மணந்த முருகன் இருக்கும் வேளிமலை குமாரகோயிலுக்கு ஆட்டோ வாசல் வரை போகும். மார்த்தாண்டம் அருகே சிதறால் மலையில் 9-ஆம் நூற்றாண்டில் சமணர் செதுக்கிய தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குப் பக்கத்தில் பகவதி கோயில் இருக்கிறது. கல் பாவிய பாதையில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிடலாம். அனுமன் கொண்டுபோன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று சொல்லப்படும் மருந்துவாழ்மலை, ஸ்ரீ நாராயண குரு தவமிருந்த குகையுடன், பொற்றையடி பக்கமே இருக்கிறது. ஆனால் அங்கே வெயில் ஏறினால் பாறை சுடும், முழங்கால் வலிக்காரர்களுக்கு அது ஆகாது. முதியவரின் உடல்நிலையைப் பார்த்து மலையைத் தேர்ந்தெடுப்பதே அறிவு. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நேர்ந்தது அவளுக்குல்லா” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

ஆகவே மூன்றாவது முறை தை மாதத்தில், இரண்டு மழையும் ஓய்ந்த பிறகு போனோம். முந்தைய மாலையே கீரிப்பாறையில் விசாரித்தோம். பூசை உண்டு என்று உறுதி செய்துகொண்டோம். காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்பிவிட்டது. தோசைக்குப் பதிலாக வாழையிலையில் கட்டிய இட்லியும் தேங்காய்த் துவையலும் ஒரு சீப்பு மட்டி வாழைப்பழமும். மலைப்பயணத்துக்கு மட்டிப்பழத்தைவிட நல்ல சாப்பாடு கிடையாது என்பது என் கட்சி. சிறியது, இனியது, குழந்தைகளும் முதியவர்களும் மறுக்காமல் சாப்பிடுவார்கள். ஒரே குறை, குரங்குகளுக்கும் அது தெரியும். பழத்தையும் தேங்காயையும் கண்ணுக்குத் தெரியும்படி பிளாஸ்டிக் உறையில் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடாது. மூடிய துணிப்பையில் கொண்டுபோக வேண்டும்.

தீப்பெட்டி, கற்பூரம், எண்ணெய், திரி, தேங்காய் எல்லாம் வீட்டிலிருந்தே போயின. அங்கே கடை இருக்கும் என்று நம்பிப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தோம். கீரிப்பாறையைத் தாண்டியதும் எங்கள் கைப்பேசிகளில் சிக்னல் போய்விடும் என்பது முன்பே தெரிந்ததால், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைத் தங்கையிடம் சொல்லியிருந்தோம். அம்மாவின் மாத்திரைகளை இரண்டு வேளைக்கும் எடுத்து வைத்தோம். ஈர உடை மாற்ற மறைவிடம் கிடைக்காமல் முந்தைய முறை திண்டாடிய மனைவி, இந்த முறை ஒரு பழைய எட்டு முழ வேட்டியைக் கொண்டுவந்து இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிவிட்டார். எங்களுக்குப் பிறகு வந்த இரண்டு குடும்பத்துப் பெண்களும் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

குளியலுக்கு ஒரே விதி வைத்தோம்: ஒருவர் குளிக்கும்போது ஒருவர் கரையில் நின்று ஆற்றின் மேல்புறத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அக்கரைக்கு யாரும் போகக்கூடாது. அம்மாவைப் படிபோன்ற ஒரு கல்லில் உட்கார வைத்து செம்பால் மோந்து ஊற்றினோம். தைக்குளிரில் அவர் பல் அடித்தது. ஆனாலும் ஏழு செம்பு எண்ணி ஊற்றச் சொன்னார். ஆற்றில் சோப்பு, ஷாம்பு வேண்டாம் என்று பையனிடம் சொன்னபோது, அவன் பாறை இடுக்கில் கிடந்த பழைய துணிகளையும் உடைந்த மதுப்புட்டியையும் காட்டி, “இதெல்லாம் யாரு மாமா போட்டது?” என்றான். சாமி கும்பிட வந்தவர்களும்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. குளித்த உடையை ஆற்றில் விட்டால் பீடை கழியும் என்ற வழக்கம் எந்தக் காலத்தில், எத்தனை பேர் வந்தபோது உண்டானதோ. இன்று அது காட்டுக்குச் செய்யும் அநியாயம்.

நடை திறந்திருந்தது. பட்டைப் பூசாரியின் கையில் கொடுத்தபோது அம்மாவின் கை நடுங்கியது. செவ்வரளி மாலை ஏறியதும் அந்தச் சின்னக் கருவறை சட்டென்று சிவந்து போனது. மணியோசை நின்ற பிறகு ஆற்றின் ஓசை மட்டும் இருந்தது. நகரத்துக் கோயில்களின் ஒலிபெருக்கிக்குப் பழகிய காதுக்கு அந்த அமைதியில் கும்பிடுவது முதலில் கூச்சமாகக்கூட இருந்தது. அம்மா ஒன்றும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. வெகுநேரம் நின்றார், அவ்வளவுதான். தை, மாசியில் சருகு காய்ந்து கிடக்கும் என்பதால் கற்பூரத்தை மரத்தடியில் ஏற்றாமல் கோயிலில் அதற்கென்று இருந்த இடத்தில் ஏற்றி, அணையும் வரை பக்கத்தில் நின்றோம். மாவட்டத்தின் காட்டில் பெரும்பகுதி 2008 முதல் வன உயிரினச் சரணாலயம். யானை நடமாடும் காடு. பதினொரு மணிக்குள் வண்டியில் ஏறிவிட்டோம்.

திரும்பும் வழியில் கீரிப்பாறையில் அந்தப் பெரியவரின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தோம். முற்றத்தில் ஓலைப்பாயில் கிராம்பு காயப் போட்டிருந்தார். மாறாமலைப் பக்கத்து எஸ்டேட்டில் பறிக்கப் போன மகனுடையதாம். மொட்டுகள் பாதி சிவந்தும் பாதி கறுத்தும் கிடந்தன, தெருவுக்கே அந்த வாசனை. அம்மா குங்குமப் பிரசாதத்தையும் ஒரு புது ஈரிழைத் துண்டையும் கொடுத்தார். அவர் துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தரிசனம் நன்றாக நடந்ததா, நேர்ச்சை முடிந்ததா என்று எதுவும் கேட்கவில்லை.

“தண்ணி என்ன நிறத்துல கிடந்து?” என்றார்.

“கல்லெல்லாம் தெரிஞ்சுது அண்ணாச்சி” என்றார் அம்மா.